அக்காவுக்குப் பத்துக்கு ஒன்பது

திருத்துகிறவர்கள் படிப்பதில்லை. ஆசிரியர் யாராவது இதை மறுத்தால், அவர் கையில் இருக்கும் சிவப்புப் பேனாவை வாங்கி வைத்துவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள். நான் மறுக்க மாட்டேன். என்னுடைய இருபத்திரண்டாவது வயதில், ஒரு நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை திருத்தி முடித்து, அறுபது பேர் கூடியிருந்த கூடாரத்துக்குள் எங்கள் குடும்ப மானத்தை நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். (கொடுக்கும்போது பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு வேறு கொடுத்தேன்.)

அப்போது நாங்கள் கோலசிலாங்கூருக்கும் புக்கிட் ரோத்தானுக்கும் நடுவில் இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். அப்பா அங்கே மண்டோர். பழம் வெட்டுகிறவர்களைக் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதும், மாலையில் குலைகளை எண்ணுவதும் அவர் பொறுப்பு. அக்கா கஸ்தூரிக்கு என்னைவிட ஐந்து வயது அதிகம். தோட்டத்தை ஒட்டியிருந்த பாமாயில் ஆலையில், எண்ணெய் கெட்டிருக்கிறதா இல்லையா என்று சோதித்துச் சொல்லும் அறையில் அவளுக்கு வேலை. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அவள் தலைமுடியில் ஆலை வாசம் இருக்கும். அதிகம் பேச மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். நீண்ட விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்கப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சம்பந்தம் கொண்டுவந்தவர் அப்பாவின் பழைய கூட்டாளி முனியாண்டி மாமா. மாப்பிள்ளை பொறியியலாளர். வந்தவர்கள் எங்களிடம் தமிழிலும் தங்களுக்குள் ஆங்கிலத்திலும் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து விசாரித்தார்.

"கேன் யூ குக்?"

"கேன்."

"கேன் யூ டிரைவ்?"

"கேன்."

"டவுன் வாழ்க்கையெல்லாம் ஒத்துக்குமாம்மா?"

"கேன்."

எங்கள் நாட்டில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் பிறந்து, வளர்ந்து, ஓய்வு பெற்றுவிடலாம். மீன் வண்டிக்காரரிடம் "கேன் ஆ?" என்றால் குறைத்துக் கொடுப்பீர்களா என்று பொருள். "கேன் லா" என்று அவர் சொன்னால் அது சம்மதம். கிளினிக்கில் சொன்னால் அனுமதி, வேலையிடத்தில் சொன்னால் வாக்குறுதி. ஐயும் யூவும்கூடத் தேவையில்லை. யார் செய்வது, யாருக்குச் செய்வது என்பதெல்லாம் கண் ஜாடையிலேயே முடிந்துவிடும். அக்காவும் அப்படித்தான் பதில் சொன்னாள். யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் முனியாண்டி மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். "எல்லாம் புடிச்சிருக்காம். நாலு வாரத்துல பரிசம் போட்டுறலாம்னு சொல்றாங்க. பொண்ணுக்குத்தான் இங்கிலீஷ்ல 'கேன்' மட்டும் வருதுன்னு அந்தம்மா சிரிச்சாங்களாம். வெளையாட்டாத்தான்லா."

அந்த வெளையாட்டு எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆங்கில ஆசிரியை ஆகப்போகிறவளின் அக்காவா இப்படி? அன்றைக்கே புக்கிட் ரோத்தான் கடைக்குப் போய் ஒரு மணிலா அட்டையும், ஒரு நோட்டுப் புத்தகமும், இரண்டு சிவப்புப் பேனாக்களும் வாங்கி வந்தேன். நாலு வாரத்தில் அக்காவை மாற்றிக் காட்டுகிறேன் என்று அம்மாவிடம் சபதம் வேறு போட்டேன். அக்காவிடம் கேட்டேனா என்றால், இல்லை. அந்த வீட்டில் அந்த மாதம் அக்காவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

மணிலா அட்டையில் கட்டம் போட்டேன். இடது பக்கம் மேலிருந்து கீழாக ஐ, யூ, ஹீ, ஷீ, வீ, தே. மேலே வரிசையாகக் கேன், மே, வில், வுட், ஷுட், மஸ்ட். அடியில் சிவப்பு மையில் நான் கண்டுபிடித்த விதிகள்: ஐ பக்கத்தில் மே வந்தால் பணிவு. யூ பக்கத்தில் வுட் வந்தால் மரியாதை. யூ பக்கத்தில் மஸ்ட் வந்தால் சண்டை. ஐ பக்கத்தில் மஸ்ட் வந்தால் கடமை. இதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, மனித உறவுகளை ஒரே அட்டையில் அடக்கிவிட்ட பெருமிதத்தோடு நின்றேன்.

அப்பா தண்ணீர் எடுக்க வந்தவர் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல மஸ்ட் மட்டும் எனக்குத் தெரியும்," என்றார். "தொரை வாயத் தொறந்தா அதுதான் வரும். யூ மஸ்ட், யூ மஸ்ட். ஐ மஸ்ட்னு அவரு சொல்லி நான் கேட்டதே இல்ல."

அம்மா எனக்கு அக்காவைவிட ஆர்வமான மாணவி. "வுட் யூ லைக் டீ?" என்ற ஒரே வாக்கியத்தை இரண்டு நாளில் பாடமாக்கிக்கொண்டார். சம்பந்தி வீட்டாருக்காகக் கற்றதைப் பழகிப் பார்க்க வேறு ஆள் கிடைக்காததால், எரிவாயு உருளை கொண்டுவரும் மலாய்க்காரரிடம் கேட்டார். அவர் திடுக்கிட்டுப் போனாலும் தேநீரைக் குடித்தார். அதன் பிறகு எரிவாயு தீராத நாளிலும் அவருடைய லோரி எங்கள் வாசலில் வந்து நின்றது.

அக்காவோடு முதல் தகராறு 'ஹீ'யில் வந்தது. மாப்பிள்ளையைப் பற்றி எழுதச் சொன்னால் 'தே' என்றே எழுதினாள். நான் அடித்துத் திருத்தினேன். மறுநாளும் 'தே' வந்தது.

"ஹீன்னா அவன்தானே?" என்றாள் அக்கா. "பரிசம் போடப் போற மனுசன அவன் இவன்னு எப்படி எழுதுறது?"

அம்மா அடுப்படியிலிருந்து அவளுக்குப் பரிந்து வந்தார். "ஏண்டி, அவ மரியாதையா அவங்கன்னு எழுதட்டுமே. உனக்கு என்னா வந்துச்சு?"

"இங்கிலீஷ்ல அப்படி மரியாதை கெடையாதும்மா. எல்லா ஆம்பளைக்கும் ஹீதான். தொரைக்கும் ஹீ, தோட்டக்காரனுக்கும் ஹீ."

"அப்ப அது என்னா மொழி?" என்று கேட்டுவிட்டு அம்மா குழம்பைக் கிளறப் போய்விட்டார்.

பாடம் நடந்த விதம் இதுதான். அக்கா வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து அட்டையைப் பார்த்துப் பத்து வாக்கியம் எழுத வேண்டும். காலையில் ஆலைக்குப் போகும்போது நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். நான் பசியாறிவிட்டுத் திருத்துவேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், அக்கா ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவளுக்கு எழுதப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அது ஒன்றுதான் நான் சரியாகக் கணித்தது.

முதல் வாரம் எல்லாரும் எழுதுகிற வாக்கியங்கள்தான். நான் சமைப்பேன், அவள் தேநீர் கொண்டுவருவாள், நாம் கை கழுவ வேண்டும். இரண்டாவது வாரத்தில் அக்கா ஆலைக்குள் போய்விட்டாள். கெட்ட எண்ணெயை மோந்தே சொல்லிவிடுவேன் என்று எழுதினாள். 'த மெஷின் மே பி ராங். ஐ வில் நாட் பி ராங்.' இயந்திரம் தவறினாலும் தவறலாம், நான் தவற மாட்டேன். எத்தனை கம்பீரமான வாக்கியம்! நான் அதன் ஓரத்தில், தற்பெருமை வேண்டாம், பணிவு தேவை என்று எழுதி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். (அடுத்தவர் தற்பெருமை என் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.)

அதற்கடுத்த பக்கத்தில், ஆலை என்னை ஜொகூருக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று இருந்தது. 'ஐ மஸ்ட் டெல் தெம் திஸ் மந்த்.' இந்த மாதத்துக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். 'ஐ கேனாட் டெல் தெம்.' என்னால் சொல்ல முடியாது. பயிற்சி முடித்து வந்தால் அந்தச் சோதனை அறைக்கே அவள் பொறுப்பாளர் ஆகியிருப்பாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மேக்குப் பிறகும் கேனாட்டுக்குப் பிறகும் வினைச்சொல் ஒட்டு எதுவும் இல்லாமல் ஒழுங்காக வந்திருக்கிறது என்பதுதான். ஒன்பது போட்டேன். பத்துக்குப் பத்துக் கொடுத்தால் மாணவர் கெட்டுப்போவார் என்று கழகத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது வாரம் அக்கா வீட்டுக்குள் வந்தாள். 'அப்பா ஷுட் ஆஸ்க் மீ.' அப்பா என்னைக் கேட்க வேண்டும். 'அப்பா வில் நாட் ஆஸ்க் மீ.' அப்பா கேட்க மாட்டார். அவர் வாக்குக் கொடுத்துவிட்டார், அவர் அதைக் காப்பாற்றியாக வேண்டும். அம்மா அழும்படி நான் நடந்துகொள்ளக் கூடாது. 'நளினி கேன் டெல் அப்பா.' நளினியால் அப்பாவிடம் சொல்ல முடியும். 'வில் நளினி டெல்?'

நளினி நான்தான். என் பெயரை அங்கே பார்த்ததும் எனக்குப் பூரித்துப்போயிற்று. ஆசிரியையின் பெயரை எடுத்துக்காட்டில் வைத்த மாணவியைப் பாராட்டி ஒரு நட்சத்திரம் வரைந்தேன். கேள்வி வாக்கியமும் எழுதப் பழகிவிட்டாய், வெரி குட் என்று எழுதினேன். அதற்குக் கீழே ஓர் அறிவுரை: மஸ்ட் அதிகமாக வருகிறது. 'வுட் லைக் டு' பயன்படுத்தவும்.

மறுநாள் பத்து வாக்கியங்களும் 'ஐ வுட் லைக் டு' என்றே தொடங்கின. நான் ஆலையிலேயே இருக்க விரும்புகிறேன். நான் ஜொகூருக்குப் போக விரும்புகிறேன். நான் வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறேன். எல்லா வாக்கியமும் ஒரே மாதிரித் தொடங்குவது சலிப்பைத் தருகிறது என்று ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

இதை எழுதும்போது எனக்கு இப்போதும் முகம் காந்துகிறது. அவள் மேசையில் உட்கார்ந்து எழுதும்போது நான் எதிரில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதி முடித்ததும் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள். திருத்தி வைத்த நோட்டை மறுநாள் வாங்கிக்கொண்டு, பக்கத்தைப் புரட்டி, அங்கே இருக்கும் ஒன்பதைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். ஒரு மதிப்பெண் போய்விட்ட வருத்தம் என்று எண்ணிக்கொண்டு, "அடுத்த தடவ எடுத்துறலாம்க்கா," என்று ஆறுதல் சொல்வேன்.

பரிசத்தன்று காலையிலேயே வீட்டு முன்னால் கூடாரம் போட்டாயிற்று. எங்கள் பக்கத்துப் பழக்கம், கோவில் தலைவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு வீட்டாரிடமும் சம்மதம் கேட்பார். பெண் வீட்டுக்குப் பெண்ணின் அப்பா பதில் சொல்வார். தட்டு மாற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் பெண்ணைக் கூப்பிட்டுச் சேலையைக் கையில் கொடுப்பார்கள். அதுவரை பெண் உள்ளே இருப்பாள். அக்காவும் உள்ளே கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். அம்மா வாசலிலேயே "வுட் யூ லைக் டீ?" என்று கேட்க, மாப்பிள்ளையின் அம்மா மகிழ்ந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டார். என் பயிற்சிக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்களோடு மாப்பிள்ளையின் பெரியத்தை வந்திருந்தார். ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்தபோது அவர் வரவில்லை. ஒரு கையில் கறிபாப் பலகாரத்தை வைத்துக்கொண்டு என்னிடம் தமிழில்தான் பேசினார்.

"நீதான் டீச்சராகப் போற பொண்ணா?"

"ஆமா ஆண்ட்டி. எங்கக்காவுக்கு நாந்தான் நாலு வாரமா இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தேன். இப்ப நல்லா எழுதுது."

"பரவாயில்லையே. என்னா எழுதுது?"

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அட்டையைக் காட்டியிருக்கலாம். உள்ளே ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் கறிபாப்பைக் கடித்துக்கொண்டே முதல் பக்கத்தைப் புரட்டினார். நான் பக்கத்தில் நின்று, எந்தப் பாராட்டுக்கு எப்படி அடக்கமாகச் சிரிப்பது என்று தயார் செய்துகொண்டிருந்தேன். நடுப் பக்கத்துக்கு வந்ததும் கறிபாப்பைத் தட்டில் வைத்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பின்னால் திருப்பி மறுபடி முதலிலிருந்து படித்தார். அந்தப் பக்கம் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சடங்கைத் தொடங்கினார்.

"இத நீ படிச்சியா?" என்று கேட்டார் பெரியத்தை.

"எல்லாம் திருத்திட்டேன் ஆண்ட்டி."

"படிச்சியான்னு கேட்டேன்."

அவர் நோட்டை மறுபடி புரட்டினார்.

"நளினி யாரு?"

"நாந்தான் ஆண்ட்டி."

அவர் அந்தப் பக்கத்தை விரித்து என் பக்கமாகத் திருப்பினார். "உன்னத்தான் கேட்டிருக்கா."

குனிந்து பார்த்தேன். என் சிவப்பு நட்சத்திரத்துக்கு மேலே அக்காவின் கையெழுத்து இருந்தது. 'வில் நளினி டெல்?' அப்போதுதான் அதை முதல் தடவையாகப் படித்தேன். பக்கங்களை நானே முன்னும் பின்னும் புரட்டினேன். அங்கே மாப்பிள்ளையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. யாரையும் அவள் குற்றம் சொல்லவில்லை. தன்னைக் கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு விஷயத்தைத்தான் மூன்று வாரமாக, தினம் பத்து வாக்கியமாக, என்னிடம் சொல்லியிருந்தாள்.

"பொண்ணு வீட்டாருக்குச் சம்மதந்தானே?" என்று தலைவர் கேட்பது காதில் விழுந்தது. அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிசம் தலைவரே," என்று எழுந்து நின்றார் பெரியத்தை. "பொண்ணக் கூப்புடுங்க. அதையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தட்டு மாத்தலாம்."

"வழக்கம் அப்படி இல்லீங்களே. தட்டு மாத்துன பெறகுதான் பொண்ணு வெளிய வரும்."

"பெறகு கேட்டு என்னா செய்யுறது?"

தலைவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா முனியாண்டி மாமாவைப் பார்த்தார், மாமா தன் செருப்பைப் பார்த்தார். கடைசியில் அம்மா போய் அக்காவை அழைத்து வந்தார். தலையில் பூ பாதிதான் வைத்திருந்தார்கள். ஒரு காதில் தோடு இல்லை. அக்கா முதலில் பெரியத்தையின் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நன்றி இருந்தது. நான் வேண்டுமென்றே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று நினைத்துவிட்டாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை என்று எனக்கும் பெரியத்தைக்கும் மட்டும்தான் தெரியும்.

"பயப்படாதம்மா," என்றார் பெரியத்தை. "உனக்கு இது வேணுமா, வேணாமா?"

அக்கா அவரைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு இப்ப வேணாம்ப்பா. நான் ஆலை வேலையில இருக்கணும். படிக்கப் போகணும்."

அப்பாவின் முகம் கறுத்துப்போயிற்று. கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் குரல் மெதுவாகத்தான் வந்தது. "இத ஏம்மா முன்னமே சொல்லல?"

"சொன்னேம்ப்பா. வாயால வரல. நளினிகிட்ட எழுதிக் குடுத்தேன்."

அறுபது பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எழுதிக் குடுத்தாளா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாப்பா."

"நீ என்னா செஞ்ச?"

பொய் சொல்ல ஒரு விநாடி இருந்தது. அந்த விநாடியில் எனக்கு ஒரு பொய்யும் தோன்றவில்லை. "மார்க் போட்டேம்ப்பா," என்றேன்.

"எவ்ளோ?"

"ஒம்போது."

பின்வரிசையிலிருந்து முனியாண்டி மாமா, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில், "பத்துக்கா?" என்று கேட்டார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் அதற்குள் அது கூடாரம் முழுக்கப் பரவிவிட்டது. சிரிக்காதவர்கள் நாலு பேர். எங்கள் குடும்பம். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மண் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

மாப்பிள்ளை எழுந்து அப்பாவிடம் வந்து கை கொடுத்தார். "பரவால்ல அங்கிள். இப்பவே தெரிஞ்சது நல்லதுதான்," என்றார். அவருடைய அம்மா அப்படி நினைக்கவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக வேனில் ஏற்றச் சொன்னார். சமைத்ததை வீணாக்கக் கூடாது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னதால், எல்லாரும் உட்கார்ந்து ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டார்கள். பரிமாறும் வேலை எனக்கு. வாளியோடு போன ஒவ்வொரு வரிசையிலும் யாராவது ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்து, மறுபடி இலையைப் பார்த்துக்கொண்டார். புறப்படும்போது பெரியத்தை நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில், நான் போட்ட ஒன்பதுக்குக் கீழே, பென்சிலால் மூன்றே சொல் எழுதியிருந்தார். 'யூ மஸ்ட் ரீட்.'

அன்று மாலை வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அப்பா நோட்டை எடுத்து வந்து என் முன்னால் போட்டார்.

"படி. ஒவ்வொண்ணாத் தமிழ்ல சொல்லு."

முதல் பக்கத்திலிருந்து படித்துச் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா கதவோரம் நின்றாள். கெட்ட எண்ணெயை மோந்தே சொல்லிவிடுவேன் என்று வந்தபோது அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். ஜொகூர் வந்தது. 'அப்பா என்னைக் கேட்க வேண்டும்' என்று படித்ததும் நிறுத்தச் சொன்னார். "அத இன்னொரு தடவ சொல்லு," என்றார். சொன்னேன். அடுத்த வரியைப் படிக்காமல் நோட்டை மூடினேன். அக்காதான் கதவோரத்திலிருந்து சொன்னாள். "அப்பா கேக்க மாட்டாருன்னு எழுதியிருக்கேம்ப்பா."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மடித்து வைத்திருந்த கூடாரத் துணிமேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வாக்குக் கொடுத்து, ஊரைக் கூட்டி, ஊர் முன்னாலேயே அதை இழந்த மனிதர் அவர். பெயர் கூப்பிடும் இடத்தில் மறுநாள் நாற்பது வெட்டுக்காரர்கள் முன்னால் போய் நிற்க வேண்டியவர். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, பக்கத்தில் போகப் பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். "இந்த மாசத்துக்குள்ள பதில் சொல்லணும்ல? ஏறு. நானும் வர்றேன்." அக்கா நெற்றிப் பொட்டைக்கூடச் சரிசெய்யாமல் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். என்னிடம் அப்பா ஒரு மாதம் பேசவில்லை. அக்கா அன்று மாலையே பேசினாள். "நீ எப்படியோ சொல்லிட்டல்ல, விடு," என்றாள். அவள் அப்படி மன்னித்ததற்குப் பதிலாக நாலு அறை விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அக்கா ஜொகூருக்குப் போனாள், முடித்து வந்தாள். இன்றைக்குச் சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஓர் ஆலையில் சோதனை அறை முழுக்க அவள் பொறுப்பில் இருக்கிறது. தன்னுடைய முப்பத்திரண்டாவது வயதில் ஒருவரைக் கூட்டி வந்து, "அப்பா, இவரக் கட்டிக்கிறேன்," என்று வாயாலேயே சொன்னாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, வந்தவர்கள் எல்லார் முன்னாலும் அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "வாயால சொல்றியா, எழுதிக் குடுக்குறியா? எழுதிக் குடுத்தா உங்கக்காதான் திருத்துவா," என்றார். என் கணவர் அதை அன்றைக்குப் பிடித்துக்கொண்டவர்தான். குழம்பில் உப்பு அதிகம் என்பதைக்கூட இன்றைக்கும் நேரே சொல்ல மாட்டார். "எழுதித் தரவா டீச்சர்?" என்பார். பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அம்மா தவறிப்போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். தோட்டத்துக்கு வெளியே வாங்கிய சின்ன வீடு. போன தீபாவளிக்கு மறுநாள், தஞ்சோங் காராங்கில் இருக்கும் என் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அப்பா குளியலறையில் ஒரு தடவை வழுக்கி விழுந்திருந்தார், ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நானும் அக்காவும் சோபாவில் உட்கார்ந்து பேசினோம். அப்பா ஆறு மாசம் இங்கே இருக்கலாம், ஆறு மாசம் அங்கே இருக்கலாம். வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். மோட்டார் சைக்கிளை அவர் இனி ஓட்டக் கூடாது, அதை விற்றாக வேண்டும். மேயும் ஷுட்டும் மஸ்ட்டுமாகப் பாதி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்தோம். அக்காவின் கணவர் அப்பாவின் சாமான் ஏற்ற வேன் பிடிக்க யாரைக் கேட்பது என்பதுவரை போய்விட்டார்.

அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். முறுக்கை உடைத்து உடைத்துத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பேசி முடிச்சாச்சா?" என்றார்.

"ஆச்சுப்பா. அடுத்த மாசமே வந்துருங்க," என்றேன்.

"சரி. எனக்கு எத்தன மார்க் போட்டீங்க?"

அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். நான் சோபாவிலேயே இருந்தேன். அன்று கூடாரத்தில் நோட்டை நீட்டிக்கொண்டு நின்ற அதே நளினிதான் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறாள், வயது மட்டும்தான் ஏறியிருக்கிறது என்று பட்டது.

"உங்களுக்கு என்னாப்பா வேணும்?" என்று கேட்டாள் அக்கா.

அவர் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். "என் வீட்டுல இருக்கேன்மா. குளியலறையில புடிச்சிக்க ஒரு கம்பி போட்டுக் குடுங்க. சனிக்கெழம வந்து பாருங்க. அது போதும்."

கம்பியை மறுவாரமே போட்டுவிட்டோம். சனிக்கிழமை தவறாமல் நாங்கள்தான் போகிறோம்.